சுமைச் சராசரி: யுனிக்ஸ் வழி வழங்கிகளில் ஓர் எண்ணின் பொருளும் பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

யுனிக்ஸ், லினக்ஸ் வழங்கிகளின் நிலையை அறிய முதற்கண் நோக்கப்பெறுவது சுமைச் சராசரி என்னும் மூன்று எண்களின் தொகுதி. மையச் செயலகம் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பதையே இவ்வெண்கள் காட்டுவதாகப் பலரும் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. இவ்வெண் எதனை எண்ணுகிறது, எவ்வாறு சராசரி காண்கிறது, லினக்ஸில் அதன் பொருள் 1993ஆம் ஆண்டில் எவ்வாறு விரிந்தது, எவ்விடங்களில் அது நோக்குவோரைத் திசைதிருப்பும் என்பனவற்றைச் சத்தியமங்கலத்தை அடுத்த திம்பம் மலைப்பாதையின் போக்குவரத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. 'சுமை', 'சராசரி' என்னும் சொற்கள் இவ்விடத்தில் ஏற்கும் பொருளும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுமைச் சராசரி, லினக்ஸ், வழங்கி, மையச் செயலகம், காத்திருப்பு வரிசை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கொங்குப் பகுதியின் பொறியியல் கல்லூரிகளிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் லினக்ஸ் வழங்கிகள் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. வழங்கி மெதுவாக இயங்குகிறது என்ற முறையீடு வந்தவுடன் அதனைப் பேணுபவர் செய்யும் முதற்செயல், 'அப்டைம்' அல்லது 'டாப்' என்னும் கட்டளையை இடுவது. திரையில் மூன்று எண்கள் தோன்றும். 11.4, 5.4, 2.1 என அவை அமைந்திருப்பதாகக் கொள்வோம். முதலாவது கடந்த ஒரு நிமிடத்துக்கும், இரண்டாவது ஐந்து நிமிடங்களுக்கும், மூன்றாவது பதினைந்து நிமிடங்களுக்கும் உரியது என்பதைக் கணினியியல் மாணவர் அனைவரும் அறிவர். ஆனால் எதனுடைய 11.4? விழுக்காடு எனில் நூற்றில் பதினொன்று, கவலைக்கு இடமில்லை. விழுக்காடு அன்று எனில் வேறென்ன?

இவ்வினாவுக்கான விடை பாடநூல் அறிவோடு நின்றுவிடுவதன்று. இவ்வெண்ணை நோக்கியே புதிய வழங்கி வாங்குவதா, உள்ளதைக் கொண்டு காலம் தள்ளுவதா என்று சிறு நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன. பிழையாகப் படிக்கப்பட்ட ஓர் எண், குறை வட்டில் இருக்கச் செயலகத்துக்குப் பணம் செலவழிக்க வைக்கும்.

எண்ணப்படுவது எது?

யுனிக்ஸில்தான் சுமைச் சராசரி தோன்றியது என எண்ணுவோர் உளர். அதன் வேர் டெனெக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் உள்ளது. அமெரிக்காவின் பி.பி.என். நிறுவனம் பி.டி.பி.-10 கணினிக்காக உருவாக்கியது டெனெக்ஸ். ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இணைந்திருந்த டெனெக்ஸ் கணினிகளின் 1973 ஜூலை மாதச் சுமைச் சராசரிகளை, அவ்வலையமைப்பின் 546ஆம் எண் ஆவணம் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டது. அவ்வாவணம் தரும் விளக்கம் இன்றும் தெளிவானது. ஒரே செயலகம் கொண்ட கணினியில் ஒரு மணி நேரச் சராசரி 10 எனில், அந்நேரத்தின் எந்தக் கணத்திலும் ஒரு பணி ஓடிக்கொண்டிருக்க, ஒன்பது பணிகள் தம் முறைக்காகக் காத்திருக்கும் என எதிர்பார்க்கலாம். உள்ளீட்டுக்கோ வெளியீட்டுக்கோ தடைப்பட்டு நிற்கும் பணிகள் இதில் சேரா.

ஆகவே இது விழுக்காடு அன்று; தலைகளின் எண்ணிக்கை. செயலகத்தின் மேல் அமர்ந்திருப்பவரையும், அவர் எழுந்தால் அமரலாம் என்று நிற்பவர்களையும் சேர்த்து எண்ணிய தொகை அது. செயலகப் பயன்பாட்டு விழுக்காடு நூற்றைத் தாண்டாது. இத்தொகைக்கு மேல் எல்லை இல்லை. செயலகம் முழுமையாக நிரம்பிய பின் பயன்பாட்டு விழுக்காடு ஊமையாகிவிடுகிறது. அதன் பிறகும் எத்தனை பேர் வாயிலில் நிற்கின்றனர் என்பதைச் சொல்வதே இவ்வெண்ணின் சிறப்பு.

எண்ணிக்கையாதலின், செயலகங்களின் தொகையோடு ஒப்பிட்டால் அன்றி அதற்குப் பொருள் இல்லை. நான்கு உள்ளகங்கள் கொண்ட வழங்கியில் 4 என்பது, அனைவர்க்கும் இருக்கை உண்டு, எவரும் நிற்கவில்லை என்னும் நிலை. ஒற்றை உள்ளகம் கொண்டதில் அதே 4, மூவர் நிற்கும் நிலை. இங்கு ஒரு நுட்பம் உண்டு. லினக்ஸ் எண்ணுவது நிரல்களை அன்று, இழைகளை. நாற்பது இழைகளைக் கொண்டு இயங்கும் ஒரே ஜாவா நிரல், அவை அனைத்தும் கணக்கிட முனையும் நேரத்தில், நாற்பதாகவே எண்ணப்படும்.

சராசரி எவ்வாறு காணப்படுகிறது?

ஒரு நிமிடச் சராசரி என்றவுடன், கடந்த அறுபது நொடிகளில் எடுத்த அளவுகளைக் கூட்டி வகுத்தது என்றே எவரும் கொள்வர். பள்ளியில் கற்ற சராசரி அதுதான். கெர்னல் அவ்வாறு செய்வதில்லை. பழைய அளவுகளைச் சேமித்து வைப்பதும் இல்லை. ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை அது பணிகளை எண்ணுகிறது; முன்னர் இருந்த சராசரியில் 92 விழுக்காட்டை வைத்துக்கொண்டு, புதிய எண்ணிக்கையில் 8 விழுக்காட்டைச் சேர்க்கிறது:

புதிய சராசரி = பழைய சராசரி × 0.92 + இப்போதைய எண்ணிக்கை × 0.08

சாயம் கலந்த நீர் நிறைந்த தொட்டியிலிருந்து நூற்றில் எட்டுப் பங்கை முகந்து ஊற்றிவிட்டு, அதே அளவு தெளிந்த நீரை விடுவது போன்றது இது. சாயம் மெல்ல வெளுக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட நொடியில் முற்றாக அகன்றுவிடாது. ஐந்து நிமிட எண்ணுக்கு முகப்பது ஏறத்தாழ 1.7 விழுக்காடு, பதினைந்து நிமிட எண்ணுக்கு அரை விழுக்காட்டை ஒட்டியது. தசமப் புள்ளியைக் கையாளாது முழு எண்களைக் கொண்டே கணக்கிடுவதால், லினக்ஸ் நிரலில் இவை 2048ஐ முழுமையாகக் கொண்டு 1884, 2014, 2037 என்னும் மாறிலிகளாக நிற்கின்றன. 1884ஐ 2048ஆல் வகுத்தால் 0.92 வரும்.

இதன் விளைவு எளிதில் சோதிக்கத்தக்கது. ஓய்ந்திருக்கும் வழங்கியில் செயலகத்தை ஓயாது உழைக்கச் செய்யும் ஒரே பணியை ஏவி, சரியாக ஒரு நிமிடம் கழித்து நோக்கினால், முதல் எண் 1 என நில்லாது, 0.63 என்றே நிற்கும். இரண்டாவது 0.18, மூன்றாவது 0.06. 'ஒரு நிமிடச் சராசரி' என்னும் பெயர் ஒரு நிமிடத்துக்கு முற்பட்ட நிகழ்வுகளையும் தன்னுள் அடக்கியிருப்பதே காரணம். ஒரு நிமிடத்தில் பழைமையின் பங்கு 37 விழுக்காடாகக் குறையும், அழியாது.

முன்னுரையில் கண்ட 11.4, 5.4, 2.1 என்னும் வரிசையை இனிப் படிக்க இயலும். ஓய்ந்திருந்த வழங்கியில் பன்னிரண்டு பணிகள் ஒருங்கே தொடங்கி மூன்று நிமிடங்கள் கடந்தால் தோன்றும் எண்கள் இவை. மூன்றையும் தனித்தனியே அஞ்சுவதற்கு மாறாக, இடமிருந்து வலமாக இறங்குகிறதா ஏறுகிறதா என்று நோக்குவதே பயன் தரும். இடப்புறம் பெரிதாயின் நெருக்கடி புதியது, வளர்ந்து வருவது. வலப்புறம் பெரிதாயின் அது கடந்துகொண்டிருக்கிறது. விழித்தெழுந்து வழங்கியை அணுகியவர் நிகழ்ந்ததன் வாலைத்தான் காண்கிறார்.

திம்பம் பாதையும் 'டி' நிலையும்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு செல்லும் நெடுஞ்சாலை பண்ணாரியைக் கடந்ததும் மலையேறுகிறது. 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதை அது. ஒரு நீண்ட சரக்குந்து வளைவில் திரும்பும்போது எதிர்வரும் வண்டி நின்று வழிவிட வேண்டும். பாதையின் கொள்ளளவு அவ்வளவுதான். வண்டிகள் மிகுந்தால் வளைவுகளில் வரிசை நீளும். இது டெனெக்ஸ் கண்ட சுமை: பாதை இயங்குகிறது, ஆயினும் விரும்புவோர் அதனை விஞ்சினர்.

இப்பாதை 2013இல் அறிவிக்கப்பெற்ற சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் இறப்பதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. சாவடி மூடிய பின் பண்ணாரியில் சரக்குந்துகள் அணிவகுத்து நிற்கின்றன. அவ்வேளையில் மலைப்பாதையோ வெறிச்சோடிக் கிடக்கும். வரிசை நீளம், பாதை காலி. (கரும்பு வண்டியை எதிர்பார்த்துச் சாலையோரம் நிற்கும் யானைகளை இவ்வொப்புமையில் சேர்க்க இடமில்லை.)

பாதையில் நெரிசலால் நிற்கும் வண்டியும் சாவடி திறக்கக் காத்திருக்கும் வண்டியும் ஒன்றாக எண்ணப்படுமாயின் அத்தொகை எதனைச் சொல்லும்? லினக்ஸின் சுமைச் சராசரி அத்தகையதே. வட்டிலிருந்து தரவு வருவதற்காக நிற்கும் பணியைக் கெர்னல் பெரும்பாலும் இடையூறு செய்ய இயலாத உறக்கத்தில் வைக்கிறது. 'பிஎஸ்', 'டாப்' பட்டியல்களில் அதற்கு 'டி' என்னும் குறி. ஓடும் பணிக்கும் ஓடக் காத்திருக்கும் பணிக்கும் 'ஆர்'. லினக்ஸ் இவ்விரண்டையும் கூட்டியே சராசரி காண்கிறது; மரபான யுனிக்ஸ் வழிமுறைகள் செயலகத்தை வேண்டும் பணிகளையே முதன்மையாகக் கொள்கின்றன.

இம்மாற்றம் எப்பொழுது, எதற்காக நுழைந்தது என்பது நெடுங்காலம் பலர்க்கும் விளங்காதிருந்தது. கணினித் திறனாய்வு வல்லுநர் பிரெண்டன் கிரெக் 2017இல் பழைய அஞ்சல் தொகுப்புகளைத் தேடி விடை கண்டார். 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பார் அனுப்பிய திருத்தமே தொடக்கம். அவர் காட்டிய காரணம் வலிமையானது. நினைவகம் போதாமல் பணிகள் வட்டுக்கு மாற்றப்படும் கணினி ஒன்றில், விரைவான வட்டை அகற்றி மெதுவான வட்டைப் பொருத்தினால், பணிகள் வட்டுக்காக நிற்கும் நேரம் கூடுகிறது. செயலகத்துக்காக நிற்போர் குறைகின்றனர். விளைவாகச் சுமைச் சராசரி இறங்குகிறது. கணினி முன்னிலும் மெதுவாகிவிட்டது; எண்ணோ முன்னிலும் நலம் என்கிறது. இம்முரணை நீக்கவே வட்டுக்காக நிற்போரும் எண்ணப்பட்டனர்.

அன்று ஒரு முரண் தீர்ந்தது, மற்றொன்று பிறந்தது. லினக்ஸில் அவ்வெண் செயலகத்தின் மேலுள்ள தேவையைச் சொல்வதிலிருந்து விலகி, கணினி முழுவதன் மேலுள்ள தேவையைச் சொல்வதாயிற்று. 'டி' நிலையைப் பயன்படுத்தும் இடங்கள் கெர்னலில் அதன்பின் பெருகின. சில பூட்டுகளுக்குக் காத்திருப்பதும் அந்நிலையில் அடங்கிற்று. உள்ளகங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுக என்னும் எளிய விதி, 'டி' மிகுந்த இடத்தில் நிலைகுலைகிறது. லினக்ஸ் கெர்னலில் இக்கணக்கைச் செய்யும் நிரற்கோப்பின் முகப்பிலேயே, இது ஓர் அசட்டு எண், ஆயினும் மக்கள் இதனை முக்கியமாகக் கருதுகின்றனர் என்னும் பொருள்படக் குறிப்பு ஒன்று எழுதப்பட்டுள்ளது. எழுதியவர்களே தம் எண்ணைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பு அது. அம்மதிப்பீடு சற்றுக் கடுமையானது. எண்ணில் அசடு இல்லை, பிரிக்காமல் படிப்பதில்தான் உள்ளது.

எண் மிகுந்தும் செயலகம் ஓய்ந்திருக்கும் நிலை

மாணவர் கோப்புகள் அனைத்தும் தனியொரு கோப்பு வழங்கியில் இருக்க, ஆய்வக வழங்கி அவற்றை என்.எஃப்.எஸ். முறையில் வலையமைப்பு வழியே பெறும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். கல்லூரிகளில் பழக்கமான அமைப்பு இது. கோப்பு வழங்கி திடீரென நின்றுவிட்டால், கோப்பைத் தொட முனையும் ஒவ்வொரு பணியும் 'டி' நிலையில் உறையும். ஒவ்வொரு மாணவரும் உள்நுழைய முயலுந்தோறும் உறைந்த பணிகள் கூடும். சுமைச் சராசரி ஐம்பது, நூறு, இருநூறு என ஏறும். 'டாப்' காட்டும் செயலகப் பயன்பாடோ ஒன்றிரண்டு விழுக்காடு. இந்நிலையில் இரு மடங்கு உள்ளகங்கள் கொண்ட புதிய வழங்கி வாங்கினாலும் பயன் விளையாது. பண்ணாரிச் சாவடி மூடியிருக்கையில் மலைப்பாதையை அகலப்படுத்துவதற்கு ஒப்பானது அச்செலவு.

எண்ணை மனிதர் மட்டும் படிப்பதில்லை, நிரல்களும் படிக்கின்றன. புகழ்பெற்ற அஞ்சல் நிரலாகிய சென்ட்மெயில், சுமைச் சராசரி ஒரு வரம்பைக் கடந்தால் அஞ்சல்களை உடன் அனுப்பாது வரிசையில் இடுகிறது. மற்றொரு வரம்பைக் கடந்தால் புதிய இணைப்புகளையே மறுக்கிறது. இயல்பான வரம்புகள் முறையே 8, 12 என அமைந்தவை. பிற்காலப் பதிப்புகளில் அவை செயலகங்களின் எண்ணிக்கையால் பெருக்கப்படுகின்றன. கோப்பு வழங்கி நின்றதால் எண் இருநூறானால், அஞ்சலுக்கும் அக்கோப்புகளுக்கும் தொடர்பே இல்லாத போதும் அஞ்சல் மறுக்கப்படும். செயலகம் உறங்க, கதவு சாத்தப்படும்.

எண் குறைந்தும் பயனர் தவிக்கும் நிலை

இதற்கு நேர்மாறான நிலை குறைவாகவே பேசப்படுகிறது. ஆயினும் கேடு மிகுதி. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தை ஒட்டி அரசுத் தேர்வுகள் இயக்ககம் மேல்நிலைத் தேர்வு முடிவுகளை வெளியிடுகிறது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் குறித்த நேரத்தில் இணையத்தை அணுகுவர். இந்தகைய நெருக்கத்தை எதிர்கொள்ளும் ஒரு வலை வழங்கி, ஒரே நேரத்தில் நூற்றைம்பது இணைப்புகளுக்கு மட்டும் பணியாளர்களை ஒதுக்கியிருப்பதாகக் கொள்வோம். எஞ்சிய இணைப்புகள் வலையமைப்பின் வரிசையில் நிற்கும். அவற்றுக்கெனப் பணி ஏதும் உருவாகவில்லை. ஆகவே சுமைச் சராசரி அவற்றை அறியாது. அந்த நூற்றைம்பது பணியாளர்களும் தரவுத்தளத்தின் விடைக்காக வலையமைப்பு வழியே காத்திருப்பார்களாயின், அக்காத்திருப்பு இடையூறு செய்யத்தக்க உறக்கம், அதுவும் எண்ணப்படாது. எண் 0.8 எனச் சாந்தமாக நிற்க, வெளியே பல்லாயிரவர் வெள்ளைத் திரையை நோக்கிக் கொண்டிருப்பர்.

திம்பம் ஒப்புமையில், சாம்ராஜ்நகரிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட வண்டிகள் இவை. மலைச் சாவடியில் நின்று எண்ணுபவர் அவற்றைக் காண்பதில்லை.

ஐந்து நொடிக்கு ஒருமுறை எண்ணுவதாலும் ஒரு குறை உண்டு. இரு எண்ணிக்கைகளுக்கு இடையே தோன்றி மறையும் பணிகள் கணக்கில் வாரா. கொள்கலன் முறையில் இயங்கும் வழங்கிகளில் வேறொரு மயக்கம்: கொள்கலனுக்குள் இருந்து நோக்கினாலும் பொதுவாகத் தோன்றுவது அதனைத் தாங்கும் கணினி முழுவதன் சராசரியே. அண்டை வீட்டின் கூட்டத்தைத் தன் வீட்டுக் கூட்டமாக எண்ணும் நிலை அது.

பெயர் குறித்து

சுமை என்னும் சொல் தமிழில் எடையைக் குறிப்பது. தலையிலோ தோளிலோ ஏறுவது. வழிப்போக்கர் சுமையை இறக்கி இளைப்பாற ஊர்ப்புறங்களில் நாட்டப்பெற்ற சுமைதாங்கிக் கற்கள் அச்சொல்லின் பொருளைக் கண்முன் நிறுத்துகின்றன. ஏற்றப்பட்டுவிட்டதே சுமை, ஏற்றப்படக் காத்திருப்பது சுமையன்று. ஆதலின் சுமைச் சராசரி என்னும் தொடரைக் கேட்கும் தமிழ் மாணவர், செயலகம் தாங்கும் பளுவையே எண்ணுவது இயல்பு. ஆங்கில மூலச் சொல்லும் இதே மயக்கத்தைத் தருகிறது என்பதால் மொழிபெயர்ப்பைக் குறைகூற இயலாது. மூலத்தின் பிழையையும் உண்மையாகப் பெயர்த்த மொழிபெயர்ப்பு அது.

'காத்திருப்போர் சராசரி' எனலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பணி காத்திருப்பதில்லை. 'வேண்டல் சராசரி' பொருளுக்கு அணுக்கமானது. டெனெக்ஸ் ஆவணம் இதனைச் செயலகத்தின் மேலுள்ள வேண்டலின் அளவு என்றே அறிமுகப்படுத்தியது. எனினும் வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பெயர்த்தெடுப்பதால் விளையும் குழப்பம், அச்சொல் தரும் மயக்கத்தினும் பெரிது. கணியம் போன்ற கட்டற்ற மென்பொருள் இதழ்கள் லினக்ஸைத் தமிழில் கற்பித்து வரும் இந்நாளில், சுமைச் சராசரி என்னும் சொல்லை வைத்துக்கொண்டு, முதன்முறை ஆளும் இடத்தில் 'ஓடும், ஓடக் காத்திருக்கும், தடைப்பட்டு நிற்கும் பணிகளின் தேயும் சராசரி' என்று விளக்கம் சேர்ப்பதே தக்கது. 'தேயும்' என்னும் அடை இன்றியமையாதது. பழைய அளவுகள் பிறைபோலத் தேய்ந்து செல்வதை அது ஒரே சொல்லில் உணர்த்துகிறது.

பிரித்து அறியும் வழி

எண் மிகுந்திருக்கக் கண்டால் அடுத்து இடவேண்டிய கட்டளை 'விஎம்ஸ்டாட்'. அதன் முதல் இரு நிரல்களில் ஒன்று செயலகத்தை வேண்டுவோரையும் மற்றொன்று தடைப்பட்டு நிற்போரையும் தனித்தனியே காட்டும். முதலாவது மிகுந்தால் செயலகம் போதவில்லை. அல்லது ஏதோ ஒரு நிரல் கட்டின்றிச் சுழல்கிறது. இரண்டாவது மிகுந்தால் வட்டையும் வலையமைப்பு வழிக் கோப்புகளையும் ஆராய வேண்டும். 'பிஎஸ்' பட்டியலில் 'டி' குறியுடைய பணிகளின் பெயர்களை நோக்கினால், பெரும்பாலும் எந்த வட்டு அல்லது எந்தக் கோப்பு வழங்கி என்பதும் வெளிப்பட்டுவிடும்.

2018 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.20 பதிப்பு வேறொரு அளவீட்டைச் சேர்த்தது. ஃபேஸ்புக் நிறுவனத்தில் பணியாற்றிய யோஹான்னஸ் வைனர் உருவாக்கிய அது, செயலகம், நினைவகம், உள்ளீட்டு வெளியீடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புகளைத் தருகிறது. ஒவ்வொன்றிலும் கடந்த 10, 60, 300 நொடிகளுக்கான மூன்று சராசரிகள் உள்ளன. இங்குக் காட்டப்படுவது தலை எண்ணிக்கை அன்று. குறைந்தது ஒரு பணியேனும் அவ்வளத்துக்காகத் தடைப்பட்டு நின்ற நேரத்தின் விழுக்காடு. கோப்பு வழங்கி நின்ற அந்த ஆய்வகத்தில் இருநூறு என்னும் ஒற்றை எண்ணோடு திகைக்க வேண்டியதில்லை. செயலகக் கோப்பில் சுழியத்தை ஒட்டிய அளவு தோன்றினால், புதிய செயலகத்துக்கான கொள்முதல் விண்ணப்பத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். இவ்வளவீட்டின் ஆங்கிலப் பெயர் அழுத்தம் என்னும் பொருளை முன்னிறுத்துகிறது. எண்ணிக்கையை விட்டுத் தடைப்பட்ட நேரத்தை அளக்கும் இதற்கு, 'அழுத்தம்' என்பதினும் 'தடைநேரம்' என்னும் சொல் பொருந்தும்.